குயில் என்ற பெயரில் வந்தவன்

2008இல் சனிக்கிழமை பின்னேரங்களில் ஸமீமா கொழும்பு வெள்ளவத்தையில் பௌஸியின் நெட் கஃபேக்குப் போய், காதில் ஹெட்போனை மாட்டிக்கொள்வாள். லண்டனில் அப்போது காலை. பதினொரு தமிழ்ப் பிள்ளைகள் இணையத்துக் குரல் அறையொன்றில் அவளிடம் தமிழ் படிக்கக் காத்திருப்பார்கள்.

யாழ்ப்பாணம் சோனகத்தெருவில் பிறந்தவள் அவள். பன்னிரண்டு வயதில், இரண்டு மணி நேரத்துக்குள் ஊரைவிட்டுப் போகச் சொல்லி புலிகள் இயக்கம் விரட்டிய முஸ்லிம் சனத்தோடு சனமாகக் கொழும்புக்கு வந்து சேர்ந்தவள்.

ஐப்பசியில் ஒருநாள் ஆத்திசூடி சொல்லிக்கொடுக்கும்போது ஓர் ஆண்குரல் குறுக்கே பாய்ந்தது.

"ஒரு சோனகத்தியோ எங்கட பிள்ளையளுக்குத் தமிழ் படிப்பிக்கிறது? தொப்பிபிரட்டித் துரோகி!"

பின்னாலேயே இயக்கப் பாட்டொன்று அலறியது. ஹெட்போனைத் தாண்டி வெளியிலும் கேட்டது. பௌஸி ஓடிவந்தார்.

"நிப்பாட்டுங்க டீச்சர்! ஆமிக்காரன்ட காதுல விழுந்தா ரெண்டு பேரையும் அள்ளிட்டுப் போவான்."

ஸமீமா அறைக்குக் கடவுச்சொல் போட்டாள். அடுத்த கிழமையும் அவன் வந்தான். மூன்று தடவை மாற்றியும் வந்தான். பிள்ளைகளின் வீடொன்றிலிருந்துதான் யாரோ அதைக் கொடுக்கிறார்கள் என்று விளங்கியது. ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாக ஒரு புனைபெயர் அனுப்பினாள். வேறு பெயரில் வந்தால் வெளியே.

அவன் 'குயில்' என்று வந்தான். அது எட்டு வயதுக் கோசலாவுக்குக் கொடுத்த பெயர். அவன் ஏசிக்கொண்டிருக்க, பின்னால் சின்னக் குரலொன்று அழுதது: "வேண்டாம் அப்பா."

ஸமீமா அவனை வெளியேற்றிவிட்டு, லண்டனில் இருந்து வகுப்பை ஒழுங்குசெய்து நடத்திய தங்கையாவுக்குக் கோல் எடுத்தாள்.

"அண்ணை, அது கோசலாவின்ர தேப்பன்."

"தெரியும் பிள்ளை."

"தெரியுமோ?"

"அவற்ற சொல்லுக்கு இஞ்ச கனபேர் நிக்கினம். எங்களுக்குப் பிரச்சினை வேண்டாம்."

"பிரச்சினை ஆர் அண்ணை? நானோ?"

"பிறகு ஆறுதலாக் கதைப்பம்."

கதைக்கவில்லை. அடுத்த சனி அவளுடைய பெயரை அறை ஏற்கவில்லை. இந்தப் பெயருக்கு அனுமதி இல்லை என்று திரையில் சிவப்பாக விழுந்தது.

"லைன்ல கோளாறா டீச்சர்?" என்றார் பௌஸி.

"இல்லை பௌஸி நானா. என்னைத்தான் நிப்பாட்டியிருக்கினம்."

புதுப் பெயரொன்று போட்டு, கடைசியாகத் தான் வைத்த கடவுச்சொல்லைத் தட்டிப் பார்த்தாள். அதை மாற்றவேண்டும் என்றுகூட ஒருவருக்கும் தோன்றவில்லை. கதவு திறந்தது. உள்ளே வேறொருத்தி படிப்பித்துக்கொண்டிருந்தாள். 'பழம்' அவள் வாயில் 'பளம்' ஆகிக்கொண்டிருந்தது.

"எங்கட டீச்சர் எங்க?" என்று கோசலா கேட்டாள்.

"அவவுக்குச் சுகமில்லையாம்."

ஸமீமாவின் விரல் மைக் பொத்தானுக்குப் போனது. வாய் திறந்தால் தானும் அவனைப்போலக் கேளாமல் புகுந்து குழப்பியவள் ஆவாள். அவளை விலக்கியவர்களுக்கு வேண்டியதும் அதுதான். கையை மடியில் வைத்துக்கொண்டு முழு வகுப்பையும் கேட்டாள். பிள்ளைகள் ஒவ்வொருவராக "போட்டு வாறம்" என்று விடைபெற்றார்கள். அவளும் சொன்னாள், வாய்க்குள்ளேயே.