பத்து மணி பாங்கு

சாவி பூட்டுக்குள் போகமாட்டேன் என்றது. ஜொஹரா அதைத் திருப்பிப் பிடித்தாள். "இந்தா, திறந்துட்டேன்" என்று கதவுக்கு வெளியிலிருந்தே குரல் கொடுத்தாள். பதில் இல்லை. அவள் புருஷன் சித்தீக்கிடமிருந்து பதில் வரவில்லையென்றால் உலகம் சுற்றுவதை நிறுத்திவிட்டது என்று அர்த்தம். தூக்கத்திலும் பேரம் பேசுகிற மனுஷர்.

ரியாத்தின் பத்தா கடைத்தெருவில் முப்பத்தோரு வருஷம் அத்தர் கடை வைத்திருந்தவர். கடை போய் ஆறு வருஷமாகிறது. மறதி நோய் வந்து, மகன் பேர், சாப்பிட்டது, சாப்பிடாதது எல்லாவற்றையும் வழித்துக்கொண்டு போனபோது கடையை மட்டும் தொடாமல் விட்டுவிட்டது. கூடத்து மேசைதான் கல்லா. ஜொஹராதான் வாடிக்கையாளர். ஒரே அத்தர்க் குப்பியை இரண்டு வருஷத்தில் அவளுக்கு நாலாயிரம் தடவை விற்றிருப்பார், ஒரு ரியால் குறைத்ததில்லை. பெண்டாட்டி என்ற சலுகை கிடையாது. பெண்டாட்டி என்று தெரிந்தால்தானே!

கதவு திறந்திருந்தால் ஓடிவிடுவார். ஒரு தடவை ஜித்தா பஸ்ஸில் ஏறி, ஓட்டுநரைத் தன் கடைப் பையன் என்று நினைத்து, தாமதமாக வந்ததற்கு ஏசியிருக்கிறார். பாதி ரியாத் அவரைத் தேடியது.

அவரை உட்காரவைக்க ஒரே மருந்து, தொழுகைக்கு அழைக்கும் பாங்கு. அந்தக் காலத்தில் பாங்கு கேட்டதும் ஊர் முழுக்க ஷட்டர் இறங்கும். தொழுகை முடியும்வரை வியாபாரம் கிடையாது. ஜொஹரா போனில் பாங்கை ஒலிக்கவிட்டு, ஷட்டர் மாதிரி ஜன்னல் திரையை இழுத்தால், "ஸலா, ஸலா, தொழுகை நேரம்" என்று அவரே அடங்கி உட்கார்ந்துவிடுவார். அந்த இடைவெளியில் அவள் குளிப்பாள், உலை வைப்பாள், நேரம் மிஞ்சினால் அழுவாள்.

இன்று காலை பத்து மணிக்கு, எந்தத் தொழுகைக்கும் சொந்தமில்லாத நேரத்தில், பாங்கைப் போட்டுவிட்டு வெளியே பூட்டிக்கொண்டு இரண்டாம் மாடிக்கு இறங்கினாள். மறதிக்காரர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்காக நர்ஸ் சந்தியா வீட்டில் சனிக்கிழமைதோறும் கூட்டம் நடக்கும். "உங்களையும் யாராவது பாக்கணும்ல ஜொஹராக்கா?" என்று ஏழு வாரமாக அழைத்துக்கொண்டிருந்தாள். இருபது நிமிஷம் என்று போனவள் ஒன்றேகால் மணி நேரம் இருந்துவிட்டாள். ஜித்தா பஸ் கதையைச் சொன்னாள். அம்மாவை வைத்துப் பார்க்கும் பத்மநாபன் சிரித்த சிரிப்பில் டீ சட்டையெல்லாம் கொட்டியது. அவளும் சிரித்தாள். பழக்கம் விட்டுப்போன கன்னம் வலித்தது.

பூட்டு திறந்தது. இழுத்த திரை இழுத்தபடி இருந்தது. சித்தீக் மேசைக்குப் பின்னால், தாடை நெஞ்சில் பட உட்கார்ந்திருந்தார். கை சில்லிட்டிருந்தது.

அலறல் கேட்டு ஓடிவந்த சந்தியா நாடி பார்த்தாள். "பக்கத்துல இருந்திருந்தாலும் ஒண்ணும் செஞ்சிருக்க முடியாதுக்கா." அந்த வார்த்தை ஜொஹராவின் காதுவரை வந்து அங்கேயே நின்றுகொண்டது.

மகன் ஜைத் டியூட்டியிலிருந்து வந்தான். வாப்பாவின் நெற்றியைத் தொட்டான். பிறகு உம்மாவைச் சமையலறைக்குள் இழுத்துப்போனான்.

"போலீஸ் வருது உம்மா. வீட்டுல மவுத்தானா விசாரிப்பாக. பக்கத்துலயே இருந்தேன்னு சொல்லுங்க. பூட்டுன பேச்சே எடுக்காதிய."

"பாங்கு போட்டுட்டுத்தான் போனேன்."

"எத்தன மணிக்கு?"

அடுப்பில் எதுவும் இல்லை. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பத்து."

"பத்து மணிக்குப் பாங்கா? வாப்பாட்ட பொய் சொல்லாதியன்னு நான் தலையால அடிச்சுக்கிட்டேனே!"

அடித்துக்கொண்டதோடு நின்றானா? 'கடைய மூடி ஆறு வருஷமாச்சு வாப்பா' என்று தினமும் உண்மையைப் போட்டு உடைப்பான். கடை அன்றுதான் போனதுபோல் அவர் தினமும் அழுவார். இவன் டியூட்டிக்குப் போய்விடுவான்.

"இப்ப நீதானடா பொய் சொல்லச் சொல்றே?" என்றாள் ஜொஹரா.

"உங்களப் புடிச்சிட்டுப் போயிட்டா நான் என்ன செய்வேன்?"

அதற்குள் வாசல் மணி அடித்துவிட்டது.

இளவயதுப் போலீஸ்காரர் ஒருவர், கூடவே ஆம்புலன்ஸ் ஆட்கள். பார்த்தார்கள், காயம் ஏதுமில்லை என்றார்கள். போலீஸ்காரர் சித்தீக்கையும் பக்கத்து இடத்தையும் காட்டி, ஜைத்திடம் அரபியில் கேட்டார்: உயிர் போனபோது கூட யார்? அவன் வாயைத் திறந்தான்.

"மாஃபி," என்றாள் ஜொஹரா. ஆளில்லை. முப்பது வருஷத்தில் அவள் சேர்த்த அரபி மொத்தமே நாலு வார்த்தை. அதில் ஒன்று இன்று உதவியது. பூட்டைக் காட்டினாள், சாவியைக் காட்டினாள், கீழ்மாடியைக் காட்டினாள். போலீஸ்காரர் பூட்டை வெகுநேரம் பார்த்தார். ஜைத் சுவரைப் பார்த்தான்.

சந்தியா முன்னால் வந்து அரபியில் நோயைச் சொன்னாள், பஸ்ஸைச் சொன்னாள், கூட்டத்தைச் சொன்னாள். அவர் இன்னொன்று கேட்டார்.

"கீழ என்ன செஞ்சிட்டு இருந்தீங்கன்னு கேக்குறாருக்கா."

"சிரிச்சிக்கிட்டு இருந்தேன்னு சொல்லு."

சந்தியா தயங்கினாள். பிறகு அதையே சொன்னாள்.

ஓடிக்கொண்டிருந்த பேனா நின்றது. அவர் ஜொஹராவை நிமிர்ந்து பார்த்தார். அந்த ஒன்றை மட்டும் அவர் எழுதவில்லை. கடைசிக் கோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, எடுத்துப்போகலாம் என்று கைகாட்டினார்.

லிஃப்டில் ஸ்ட்ரெச்சர் நுழையவில்லை. நாலு பேர் படி வழியாக இறக்கினார்கள். தலைமாட்டை ஜைத் பிடித்திருந்தான். உம்மாவின் முகத்தைப் பார்க்காமலே அவளைக் கடந்து போனான். ஜொஹரா கைப்பிடியைப் பற்றி மேலேயே நின்றாள். கீழே திருப்பம் மறைத்தது; ஜைத்தின் குரல் மட்டும் ஏறிவந்தது.

"வாப்பா, இங்க குறுகலு. பாத்து. இன்னும் ரெண்டு மாடிதான்."

காலடிகள் நின்றன. கொஞ்சம் கழித்து, மெதுவாக, மறுபடி இறங்கத் தொடங்கின.