ஐம்பது மீட்டர் உயரத்துக்கு ஒரு கூடை

டிசம்பர் மாதத்தின் முதல் நாளன்று எங்கள் கட்டுமானத் தளத்தின் அலுவலகத்தில் ஒரு சிறிய தேநீர் விருந்து நடப்பது வழக்கம். ஆண்டின் கடைசி மாதம் பிறக்கிறது என்பதைத் தவிர அதற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. கேக் வெட்டுவார்கள். மேலாளர் இரண்டு நிமிடங்கள் பேசுவார். மூன்றாவது நிமிடத்தில் கான்கிரீட் லாரி வந்துவிடும். கையில் கேக்குடன் எல்லோரும் ஓடுவோம்.

இந்த விருந்துக்கு ஒருபோதும் வர முடியாதவர் ஒருவர் உண்டு. அவர் எங்கள் டவர் கிரேனின் ஆபரேட்டர். அவருடைய கண்ணாடி அறை ஐம்பது மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏணியில் ஏறக் கால்மணி நேரத்துக்கு மேல் ஆகும். இறங்கவும் ஏறத்தாழ அவ்வளவே. மதிய இடைவேளையோ அரைமணி நேரம்தான். ஆகவே காலையில் ஏறினால் மாலையில்தான் அவர் பாதம் மண்ணில் படும். பன்னிரண்டரை மணிக்கு மேலிருந்து ஒரு மெல்லிய கயிறு இறங்கும். அதில் அவருடைய சாப்பாட்டுப் பையைக் கட்டி அனுப்புவார்கள். தளத்தில் அவரை 'மேல இருக்கறவர்' என்றுதான் அழைப்பார்கள். "எல்லாம் மேல இருக்கறவர் பார்த்துக்குவார்" என்று கொத்தனார்கள் சொல்லும்போது, புதிதாக வேலைக்கு வருபவர்கள் கைகூப்புவதும் உண்டு.

நான் அங்கே வருகைப் பதிவேடு எழுதுபவன். என் மேசைக்கும் பொருள் கிடங்குக்கும் நடுவில் ஓர் ஒட்டுப்பலகைத் தடுப்பு மட்டுமே இருப்பதால், கிடங்கைக் கவனித்துக்கொள்ளும் ஸ்டோர் அக்கா பேசுவதெல்லாம், நான் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், என் காதில் விழும். நான் விரும்பினேன் என்பதை மறைப்பானேன்?

அக்காவுக்கு வாய் கொஞ்சம் நீளம். அந்த வாயால்தான் அக்டோபர் மாதத்தில் ஒரு தவறு நிகழ்ந்துவிட்டது. அன்று பலத்த காற்று. ஜன்னல் கண்ணாடிகளின் கட்டு ஒன்றைக் கிரேன் தூக்கிக்கொண்டு, நாற்பது நிமிடங்கள் அசையாமல் அந்தரத்திலேயே நிறுத்தி வைத்திருந்தது. கிடங்கு வாசலில் சரக்குக்குக் காத்திருந்த ஆட்களின் நச்சரிப்பைப் பொறுக்க முடியாத அக்கா, வெளியே வந்து வாக்கி-டாக்கியை எடுத்து, "என்ன சாமி, மேல தூங்கிட்டீங்களா? கண்ணாடிய தொட்டில்ல போட்டு தாலாட்டு பாடறீங்களா? கீழ நாங்க மனுஷங்க நிக்கறது தெரியுதா இல்லையா?" என்று பிடிபிடியென்று பிடித்துவிட்டார். அந்த ஒரே அலைவரிசையைத்தான் அறுபது பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம். தளமே சிரித்தது. ஒரு வாரம்வரை கம்பி கட்டுபவர்கள் கிரேனைப் பார்க்கும்போதெல்லாம் 'ஆராரோ' பாடினார்கள்.

பிறகுதான் பாதுகாப்பு அதிகாரி விஷயத்தை விளக்கினார். கண்ணாடியை இறக்க வேண்டிய இடத்துக்குக் கிடங்கின் கூரையைத் தாண்டித்தான் கொண்டுபோக வேண்டும். அந்தக் காற்றில், உள்ளே ஆட்கள் இருக்கும் ஒரு தகரக் கூரையின்மீது பாரத்தைத் திருப்ப மனம் வராமல்தான் அவர் அப்படியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்கா அதைக் கேட்டு நாற்காலியில் அமர்ந்தவர் வெகுநேரம் எழவில்லை.

அதுவரை தினமும் காலையில், "அக்கா, கீழ மழையா? மேல பொட்டுத் தூத்தல் இல்ல" என்று வானிலை சொல்லிவந்த மேல இருக்கறவர், திட்டு வாங்கிய அன்றிலிருந்து அக்காவிடம் இரண்டே சொற்களைத்தான் பேசினார். ஒன்று 'சரி'. மற்றொன்று 'ஆச்சு'.

"நேர்லயே போய் ஒரு வார்த்த சொல்லிடலாமே அக்கா," என்று நான் தயங்கியபடி ஒருமுறை கூறினேன்.

"ரெண்டு தடவ போனேன் தம்பி. என்னப் பார்த்ததும் ஏணிக்கு அந்தப் பக்கமா சுத்திக்கிட்டுப் போயிட்டாரு. நான் என்ன கடன்காரியா, தொரத்திட்டு ஓட?"

நவம்பர் கடைசி வாரத்தில் அக்கா ஒரு பிரம்புக் கூடையுடன் வந்தார். பெரியது அன்று, இரண்டு உள்ளங்கைகளை அருகருகே விரித்தால் அதன் அகலம் முடிந்துவிடும். டிசம்பர் முதல் தேதி நாங்கள் கீழே கேக் தின்னும் நேரத்தில் மேலே அந்தக் கூடை போய்ச்சேர வேண்டும் என்பது அவருடைய எண்ணம். அதற்குப் பாதுகாப்பு அதிகாரியின் அனுமதி வேண்டும். தலைக்கவசத்தை உறங்கும்போதும் கழற்றமாட்டார் என்று பேர்பெற்ற அவரை, ஆட்கள் 'ஹெல்மெட் சார்' என்று அழைப்பார்கள்.

"கூடையா? அவ்வளவு உயரத்துல இருந்து ஒரு பேரீச்சம்பழம் விழுந்தாலும் கீழ இருக்கறவனுக்கு அது பழம் இல்லம்மா, குண்டு," என்றார் ஹெல்மெட் சார். "தலைகீழா கவுத்து இருபது தடவ குலுக்குவேன். ஒண்ணு உதிர்ந்தாலும் மேல போகாது."

"குலுக்குங்க. வேணும்னா நீங்களும் உள்ள உக்காருங்க, சேர்த்துக் கட்டி அனுப்பறேன்."

அதன் பிறகு நான் கண்டதை வியப்பு என்ற ஒரு சொல்லில் அடக்க எனக்கு மனமில்லை. கடைகளில் பரிசுக் கூடைகளை நாம் பார்த்திருக்கிறோம். அடியில் வைக்கோலைத் திணித்து, பண்டங்களை மேலே குவித்து, பளபளக்கும் தாளைச் சுற்றி, வாங்குபவரின் கண்ணை நிறைப்பார்கள். அக்கா கூடையைத் தம் மேசைமீது வைத்துவிட்டு, மூன்று நாள்கள் அதில் எதையும் வைக்கவே இல்லை. மாறாக, ஏறிப் பழுதுபார்த்துவிட்டு வந்த மெக்கானிக்கை நிறுத்தி, மேலே அந்த அறையில் கை எவ்வளவு தூரம் நீளும், கால் எங்கே இருக்கும், பொருள் வைக்க இடம் உண்டா என்றெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கண்ணாடி அறையை ஒருமுறையும் பார்த்திராத அவர், அதற்குள் குடியிருப்பவரைப்போல் பேசத் தொடங்கினார்.

முதலில் ஒரு சிறிய பிளாஸ்க் வாங்கிவந்தார். மறுநாளே அதைத் திருப்பிக்கொடுத்துவிட்டார்.

"மேல பாத்ரூம் ஏது தம்பி? அந்த மனுஷன் தண்ணியவே அளந்துதான் குடிக்கறாரு. நான் டீ குடுத்து அவர வதைக்கவா?"

ஆரஞ்சுப் பழம் உருளும், தோலைப் போட இடமில்லை என்று தள்ளப்பட்டது. தேன் குப்பி கண்ணாடி என்பதால் தள்ளப்பட்டது. வாழ்த்து அட்டை காற்றில் பறக்கும் என்பதால் அதுவும் தள்ளப்பட்டது. இவ்வாறு தள்ளித் தள்ளி மிஞ்சியவை இவை: சிறு துணிப்பைகளில் பேரீச்சம்பழமும் முந்திரியும், அறையின் தரையும் கண்ணாடி என்பதால் பாதம் சில்லிடாதிருக்க ஒரு ஜோடி கம்பளிக் காலுறை, நெம்புகோல்களைப் பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன கைகளுக்கு, மூடி தனியாகக் கழலாத ஒரு களிம்புக் குழாய், முகத்துக்கு எதிரே உள்ள கண்ணாடியைத் துடைக்க ஒரு மெல்லிய துணி. இவற்றோடு, அக்காவின் வீட்டுக்காரர் தைத்துக்கொடுத்த கழுத்துத் திண்டு ஒன்று.

அக்காவின் வீட்டுக்காரர் தையற்கடை வைத்திருப்பவர். ஒன்றாம் தேதி காலையில் திண்டை அவரே கொண்டுவந்தார்.

"மூணு தடவ பிரிச்சுத் தைக்க வெச்சுட்டா தம்பி," என்று என்னிடம் முறையிட்டார். "அளவு குடுன்னா, என் கழுத்தையே அளந்து அதுல ஒரு இஞ்ச் கூட்டிக்கோங்கறா. கல்யாணமாகி இத்தன வருஷத்துல எனக்கு ஒரு கைக்குட்டை வாங்கிக் குடுத்திருப்பாளா, கேளுங்க."

"உங்க கழுத்து என்னிக்கு வலிச்சுது? நீங்க குனிஞ்சு பார்க்கற ஒரே பொருள் சாப்பாட்டுத் தட்டு," என்றார் அக்கா தலை நிமிராமலேயே.

அவர் அப்போது திண்டைக் கூடையின் அடியில் வளையமாகப் படுக்கவைத்து, அதன் நடுக்குழியில் துணிப்பைகளை அமர்த்திக்கொண்டிருந்தார். வைக்கோலின் வேலையைத் திண்டே செய்தது. ஒவ்வொரு பொருளிலிருந்தும் ஒரு நூல் புறப்பட்டுப் பிரம்பில் முடிந்தது. அது கொத்தனார்கள் மட்டம் பார்க்கப் பிடிக்கும் மஞ்சள் நூல். எந்தப் பொருளைக் கையில் எடுத்தாலும், அது தன் நூலோடு மடிவரை வரும். மடியைத் தாண்டி விழாது. எல்லாவற்றுக்கும் மேலே பழம் வரும் வலையை இழுத்துக் கட்டி, அதன்மீது தம் மகள் கொடுத்த சிவப்பு ரிப்பனைப் பூப்போல் முடிந்தார். அந்தச் சிறு கூடையில் ஓர் அங்குலம்கூட யோசிக்கப்படாமல் விடப்படவில்லை. பதிவேட்டில் நேர்க்கோடு போடவே அளவுகோலைத் தேடும் நான், என் பேனாவை மூடிவைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டு மணிக்கு ஹெல்மெட் சார் வந்தார். கூடையைக் கவிழ்த்தார். குலுக்கினார். செய்தி பரவி, கொத்தனார்களும் லாரி ஓட்டுநரும் வாசலில் கூடி எண்ணத் தொடங்கினார்கள். பதினெட்டு, பத்தொன்பது, இருபது. ஒரு முந்திரியும் விழவில்லை. ஆட்கள் கைதட்டினார்கள். ஹெல்மெட் சார் மட்டும் தம் காலணிகளைக் குனிந்து பார்த்தார். அவற்றின்மீது சிவப்பாக ஏதோ மின்னியது.

"இது என்னம்மா?"

"ஜிகினா சார். ரிப்பன்ல இருந்து."

"உதிர்ந்துச்சா, இல்லையா?"

"சார், அது தூசி!" என்று லாரி ஓட்டுநர் பரிந்து பேசினார்.

"மேல காத்துல அது அவர் கண்ணுல போனா? கையில ரெண்டு டன் தொங்கும்போது கண்ணக் கசக்குவாரா?"

எல்லோரும் அக்கா வெடிக்கப்போகிறார் என்று காத்திருந்தோம். அவரோ மறுபேச்சில்லாமல் ரிப்பனை அவிழ்த்தார். "நீங்க சொல்றது சரிதான் சார். நான்தான் யோசிக்கல," என்றார். அந்த வாயிலிருந்து அப்படி ஒரு வாக்கியம் வந்ததை நாங்கள் யாரும் அதற்குமுன் கேட்டதில்லை. வலையில் ஒட்டிய ஜிகினாவை ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, ரிப்பன் இருந்த இடத்தில் மஞ்சள் நூலாலேயே ஆறு இதழ் கொண்ட ஒரு பூவை முடிந்தார். நேரம் குறைவாக இருந்தது, பதற்றமோ நிறைய. எதற்கும் இருக்கட்டும் என்று ஒவ்வொரு முடிச்சின்மீதும் இன்னொரு முடிச்சைப் போட்டார். இரண்டாவது குலுக்கலில் எதுவும் உதிரவில்லை. ஹெல்மெட் சார் தலையசைத்தார். கயிறு இறங்கியது, கூடை ஏறியது. கேக்கை வைத்திருந்த அறுபது பேரும் அண்ணாந்து பார்த்தோம். ஒரு மஞ்சள் புள்ளி, கண்ணாடி அறைக்குள் மறைந்தது.

பிறகு ஒன்றும் நடக்கவில்லை. ஐந்து நிமிடங்கள், பத்து நிமிடங்கள். அக்கா வாக்கி-டாக்கியை மேசைமீது வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கேக்கைத் தொடவில்லை.

"பிடிக்கல போல," என்றார் மெதுவாக. "சாயங்காலம் கயித்துலயே எறக்கி விட்டுருவாரு பாரு."

அப்போது கருவி கரகரத்தது.

"ஸ்டோர்."

அக்கா பாய்ந்து எடுத்தார். "சொல்லுங்க."

"இத எப்படித் தொறக்கறது?"

சிறிது நேரம் எவருக்கும் எதுவும் புரியவில்லை. பிறகு எனக்குப் புரிந்தது. விழாமல் இருக்க வேண்டும் என்பதை மட்டுமே அக்கா நினைத்திருந்தார். பிரிக்க வேண்டும் என்பதை மறந்துவிட்டார். மேலே கத்தியோ கத்தரிக்கோலோ வைத்துக்கொள்ள ஹெல்மெட் சாரின் அனுமதி கிடையாது.

"ஐயோ, எம் புத்தி!" என்று தலையில் அடித்துக்கொண்டார் அக்கா. "இருங்க, இருங்க. நான் சொல்றேன். பூ இருக்கில்ல, அதுக்கு அடியில எடது பக்கம் ஒரு நூல் நீட்டிக்கிட்டு இருக்கா?"

"இருக்கு."

"அத மட்டும் இழுத்துடாதீங்க."

"இழுத்துட்டேன்."

தளமெங்கும் சிரிப்பு எழுந்தது. அக்காவும் சிரித்துவிட்டார். "சரி, போகட்டும். கூடைய அப்படியே திருப்புங்க. பின்பக்கம் பிரம்பு மேல சின்னதா ஒரு முடிச்சு. நகத்தால தளர்த்துங்க. பொறுமையா. நாற்பது நிமிஷம் கண்ணாடியப் பிடிச்சவருக்கு இது ஒரு பெரிய விஷயமா?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்திருக்க வேண்டும். சிரிப்பு முழுவதும் அடங்கியது.

"தொறந்துடுச்சு," என்றது குரல். சற்றுப் பொறுத்து, "கழுத்து வலின்னு யார் சொன்னா உங்களுக்கு?"

"யாரும் சொல்லல. நாள் முழுக்கக் காலுக்கு நடுவுல கீழயே குனிஞ்சு பார்த்துட்டு, தெனமும் ஏணியில இருந்து எறங்கினதும் பின்கழுத்தப் பிடிச்சுக்கிட்டு நிப்பீங்க. எனக்குக் கண்ணு இருக்கில்ல?" அக்கா பொத்தானை விட்டார். மறுபடி அழுத்தினார். "அன்னிக்கு நான் பேசினது தப்பு. எங்க உசுரக் காப்பாத்தினவரத் தூங்கறீங்களான்னு கேட்டுட்டேன். எல்லாரும் கேக்கத்தான் திட்டினேன், அதனால எல்லாரும் கேக்கவே சொல்றேன். மன்னிச்சுக்கோங்க."



"அக்கா," என்றார் மேல இருக்கறவர். ஆறு வாரங்களுக்குப் பிறகு அந்தச் சொல். "அன்னிக்குப் பாதி கட்டின செவரு மறைச்சதால உங்க ஷெட்டு வாசல் எனக்குத் தெரியல. உள்ள இருக்கீங்களா, வெளிய வந்துட்டீங்களான்னு தெரியாமத் தவிச்சுட்டு இருந்தேன். நீங்க திட்ட ஆரம்பிச்சதும் உங்க மைக்குல காத்து அடிக்கற சத்தம் கேட்டுச்சு. அப்பத்தான், வெளிய வந்துட்டாங்கன்னு மூச்சே வந்துச்சு. இன்னும் கொஞ்சம் திட்டட்டும்னு பேசாம இருந்தேன்."

"அப்ப ஏன் ஆறு வாரமா மூஞ்சியத் திருப்பிக்கிட்டீங்க?"

"ஆராரோ பாடினாங்களே அக்கா. வெக்கமா இருந்துச்சு."

கம்பி கட்டுபவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அக்கா பதில் சொல்லப் பொத்தானை அழுத்தினார், சொல் வரவில்லை. அழுத்திய விரலை எடுக்கவும் மறந்துவிட்டார். ஒருவர் பொத்தானை அழுத்தியிருக்கும்வரை எங்கள் அலைவரிசையில் வேறெவரும் பேச முடியாது. ஆகவே அன்று ஏறக்குறைய ஒரு நிமிட நேரம், அக்கா மூக்கை உறிஞ்சும் ஓசை மட்டும் தளம் முழுவதும் ஒலித்தது. மேலாளர் தம் கருவியைத் தட்டிப் பார்த்தார். அலைவரிசையை அடைத்துக்கொள்வது குற்றம் என்று எங்கள் அனைவருக்கும் பாடம் எடுத்த ஹெல்மெட் சார் கிடங்கு வாசல்வரை விரைந்து வந்தார், உள்ளே பார்த்தார், பிறகு எங்கள் பக்கம் திரும்பி, யாரும் உள்ளே போகாதபடி வாசலை மறைத்துக்கொண்டு நின்றார்.