விட்டுப்போன எட்டு

கள்ளக்குறிச்சியில் கச்சிராயபாளையம் போகும் சாலையில் இருந்த அந்த ஸ்கேன் சென்டர், ஐந்து வருடமாக எடுத்த படங்கள் அத்தனையையும் ஒரே ஒரு ஸ்டோரேஜ் பெட்டிக்குள் வைத்திருந்தது. இடுப்புயரக் கறுப்புப் பெட்டி, உள்ளே வரிசையாக டிஸ்க்குகள். பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. அதிலிருந்து படங்களை எடுத்துக் காட்டிய பழைய சர்வர்தான் போன வாரம் படுத்துவிட்டது. இன்னொரு நகல் எடுத்து வைக்க வேண்டும் என்று மூன்று வருடமாக மீட்டிங்தோறும் பேசி, டீ குடித்துக் கலைந்தவர்கள் இப்போது கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள்.

எழில்மதி வந்தது அதற்குத்தான். மூங்கில்துறைப்பட்டுக்காரி, சென்னைக் கம்பெனியில் வேலை. தனியாக அனுப்பப்பட்ட முதல் வேலை இது. புதிதாக வாங்கிய இரண்டு சர்வர்களை ஜோடி சேர்த்து, அந்தப் பழைய பெட்டியை இரண்டுக்கும் பொதுவாக இணைக்க வேண்டும். பிறகு ஒன்று படுத்தாலும் மற்றது படத்தைக் காட்டிக்கொண்டிருக்கும்.

சொல்லத்தான் சுலபம். பெட்டிக்குள் இடத்தைப் பாகம் பாகமாகப் பிரித்திருந்தார்கள். காலியான ஒரு பாகத்தை முதலில் ஜோடிக்குக் கொடுக்க வேண்டும். ஜோடி அதைத் துடைத்துவிட்டுத் தன் குறிப்புகளை எழுதிக்கொள்ளும். மற்ற பாகங்களை உள்ளது உள்ளபடி சேர்த்துக்கொள்ளலாம். துடைத்தது துடைத்ததுதான், எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் திரும்பாது. எது காலி என்று பெட்டி தானாகச் சொல்லாது. திரையில் எல்லாப் பாகமும் ஒரே அளவு, வெறும் எண்கள். நல்லவேளையாகப் பெட்டியின் கதவில் ஒரு பேப்பர் ஒட்டியிருந்தது. சென்டரின் டெக்னீஷியன் இளமாறன் பேனாவால் எழுதியது. '9 – காலி. 10 – கடைசி மூணு வருசம்' என்று அதன் அடியில் இருந்தது.

காலையில் தண்ணீர் பிடிக்க வெளியே வந்தபோதுதான் எழில்மதி பாப்பாத்தியைப் பார்த்தாள். நாற்பது வயதிருக்கும். வெள்ளிமலையிலிருந்து முதல் பஸ்சில் இறங்கி வந்தவள். மடியில் ஒரு பிளாஸ்டிக் பை, கையில் டோக்கன்.

"நீதான் படத்தயெல்லாம் மீட்டுக் குடுக்க வந்த பொண்ணாம்மா?"

"ஆமாங்க்கா. உங்களுக்கு இன்னா படம்?"

பாப்பாத்தி பையைப் பிரித்தாள். இரண்டு வருடத்துக்கு முன் எடுத்த நெஞ்சு ஸ்கேன் ஃபிலிம். கூரை இடுக்கில் செருகி வைத்ததில் மழை இறங்கி, ஒன்றோடொன்று ஒட்டிக் கூழாகிக் கிடந்தது. போன வாரம் எடுத்த ஸ்கேனில் நுரையீரலில் ஒரு புள்ளி தெரிகிறதாம். அன்றைக்கே இருந்த புள்ளி என்றால் பழைய காசநோய்த் தழும்பு, பயமில்லை. வளர்ந்திருந்தால் பாண்டிச்சேரிக்குப் போய்ச் சதை எடுத்துப் பார்க்க வேண்டும். பழைய படம் இல்லாமல் எப்படிச் சொல்ல முடியும் என்று டாக்டர் அபிநயா கேட்டுவிட்டார்.

"ஒரு வாரமா சோறு எறங்கல. புள்ளைங்க மூஞ்சியப் பார்த்தா அழுவ வருது."

எழில்மதி பாட்டிலில் பாதித் தண்ணீரோடு திரும்பி வந்து கேபிள்களைச் சொருக ஆரம்பித்தாள்.

பதினொரு மணிக்கு இரண்டு சர்வர்களும் பெட்டியைப் பார்த்துவிட்டன. திரையில் பாகங்கள் வந்தன. எழில்மதிக்கு எதையும் எண்ணாமல் விடும் பழக்கமில்லை. எண்ணினாள். ஒன்பது. பேப்பரில் கடைசி எண் பத்து. மறுபடி எண்ணினாள். ஒன்பதுதான்.

ஒன்று எங்கே போனது? கேபிளைக் கழற்றித் துடைத்து மாட்டினாள். மாற்றி மாட்டினாள். இரண்டு சர்வர்களையும் தனித்தனியாகக் கேட்டாள். இரண்டும் ஒற்றுமையாக ஒன்பது என்றன. சென்னையிலிருந்து மேலதிகாரி தீனதயாளன் கூப்பிட்டார்.

"இன்னும் இன்னாம்மா பண்ணிக்கினு இருக்க?"

"ஒரு பாகம் கம்மியா இருக்குது சார்."

"பழைய பொட்டி, எப்பவோ செத்துப் போயிருக்கும். ஒம்போது காலின்னு எழுதியிருக்குல்ல? அதத் தொடச்சிட்டு மேல போ. வெள்ளிக்கெழம உன்ன சேலம் அனுப்பணும்."

ஒன்பதைத் தேர்ந்தெடுத்தாள். 'இதிலுள்ள அனைத்தும் அழியும், சம்மதமா' என்று திரை கேட்டது. எழில்மதியின் விரல் சம்மதத்தின் மேல் இருந்தது. கணக்கு உதைத்தது. கையை எடுத்துக்கொண்டு, இளமாறனையே கேட்டுவிடலாம் என்று வெளியே வந்தாள்.

அவர் டாக்டர் அறை வாசலில் நின்று டோக்கன் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ஏழு!"

ஒரு பெரியவர் உள்ளே போய் வந்தார்.

"ஒம்போது!"

பாப்பாத்தி எழுந்தாள். எழில்மதி அப்படியே நின்றாள்.

"அண்ணா, எட்டு இன்னா ஆச்சு?"

"எட்டு நாங்க குடுக்கறதேயில்லீங்க மேடம். குடுத்தா யாரும் வாங்க மாட்டேங்கறாங்க. ராசியில்லாத நெம்பரு. ஒருத்தர் அதப் பார்த்துட்டு ஸ்கேனே வாணாம்னு போயிட்டாருன்னா பாருங்க."

"பொட்டியில ஒட்டினீங்களே, அதுல?"

இளமாறன் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அய்யோ... கை தானா தாண்டிப் போயிருக்கும் மேடம்."

எழில்மதி ஓடினாள். பேப்பரில் ஒவ்வொரு வரியாக விரல் வைத்தாள். ஏழு, அடுத்து ஒன்பது, அடுத்து பத்து. மொத்தம் ஒன்பதே வரி. அப்படியென்றால் பேப்பரின் ஒன்பது பெட்டிக்கு எட்டு, பேப்பரின் பத்து பெட்டிக்கு ஒன்பது. எதையும் எண்ணும் பெண், பேப்பரில் மட்டும் கடைசி எண்ணைப் பார்த்துவிட்டுத் திருப்திப்பட்டிருக்கிறாள்! தன்னையே தலையில் குட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

எழுதாமல் எட்டிப்பார்க்க மட்டும் ஒரு வழி உண்டு. நேரம் பிடிக்கும் என்பதால், பேப்பர் இருக்கும்போது யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. எழில்மதி போனாள். பெட்டியின் எட்டு சுத்தமாகக் காலி. பெட்டியின் ஒன்பதில் மூன்று வருடத்துப் பெயர்கள் திறக்கத் திறக்க வந்துகொண்டே இருந்தன. நடுவில் பாப்பாத்தி, வயது 38, வெள்ளிமலை. சற்று முன் அவள் துடைக்கப் போனது இந்த ஒன்பதைத்தான். போனில் தீனதயாளன் மறுபடி கூப்பிட்டார். அவள் எடுக்கவில்லை. எட்டைத் துடைத்து ஜோடிக்குக் கொடுத்தாள். மற்ற எட்டுப் பாகங்களையும் உள்ளது உள்ளபடி சேர்த்தாள்.

மூன்று மணிக்கு டாக்டர் அபிநயாவின் திரையில் பழைய படமும் புதிய படமும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. டாக்டர் இரண்டையும் அளந்தார், மறுபடி அளந்தார்.

"ரெண்டு வருசமா ஒரு மில்லிமீட்டர்கூட வளரல. பழைய தழும்புதாம்மா. பாண்டிச்சேரியும் வேணாம், ஒண்ணும் வேணாம். வூட்டுக்குப் போய் நல்லா சாப்புடுங்க."

பாப்பாத்தி முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சத்தமாக அழுதாள். புது ஃபிலிம் போட்டுத் தரட்டுமா என்று டாக்டர் கேட்டதற்குப் பாப்பாத்தி தலையாட்டி மறுத்தாள்.

"எனக்கு வாணாங்க. எங்க வூடு ஒழுவுது. இங்கயே வெச்சிக்கினு இருங்க." வாசலில் நின்றிருந்த எழில்மதியைப் பார்த்தாள். "இருக்குமாம்மா? மறுபடி போயிடாதே?"

எழில்மதி பின்னறைக்குப் போய், எப்படியும் செய்ய வேண்டியிருந்த கடைசிச் சோதனையை அப்போதே செய்தாள். ஜோடியில் அப்போது படத்தைக் காட்டிக்கொண்டிருந்த சர்வரின் பவர் ஒயர்களைப் பிடுங்கினாள். ஓடி வந்து டாக்டரின் திரையைப் பார்த்தாள். படம் ஒரு கணம் திணறியது. பிறகு இரண்டு வருடத்துப் பழைய புள்ளி, இருந்த இடத்திலேயே இருந்தது.

"இருக்கும்க்கா," என்றாள்.