எங்கள் பன்னில் பல்லி இல்லை

நான் படிக்கும் படிப்பைப் பற்றி எங்கள் வீட்டில் ஆளுக்கொரு அபிப்பிராயம் உண்டு. ஊடகவியல் படிக்கப் போகிறேன் என்றபோது அப்பா, "அதுக்கு எதுக்கும்மா காலேஜ்? வீட்லயே டிவி இருக்கே" என்றார். சித்திக்கு நான் என்றைக்காவது செய்தி வாசிப்பேன் என்ற நினைப்பு. அதற்காகவே முகத்தில் எதையாவது பூசச் சொல்லி உயிரை எடுப்பாள். சித்தப்பா மட்டும் ஒன்றும் சொன்னதில்லை. அவர் பேக்கரி வைத்திருக்கிறார். வாயைத் திறந்தால் மாவு உள்ளே போய்விடும் என்று பயந்து வளர்ந்தவரைப் போல இருப்பார். அவருடைய கடைக்கு மேலே இருக்கும் வீட்டில் தங்கித்தான் நான் கல்லூரிக்குப் போய் வருகிறேன்.

இந்தப் பருவத்துக்கு எங்கள் பேராசிரியர் கொடுத்த தலைப்பு: "வெகுசன ஊடகமும் சமுதாயத்தின் மீது அதன் தாக்கமும்." கேட்டாலே கொட்டாவி வருகிறதல்லவா? எனக்கும் வந்தது. ஆனால் மனிதர் ஒரு நிபந்தனை போட்டார். புத்தகத்தைப் பார்த்து ஒரு வரி எழுதக் கூடாது, நீ குடியிருக்கும் தெருவில் கண்ணால் பார்த்ததை எழுது என்றார். எங்கள் தெருவில் என்ன இருக்கிறது? ஒரு மருந்துக்கடை, ஒரு சலூன், ஒரு தையல் கடை, எங்கள் பேக்கரி, முனையில் இன்னொரு பேக்கரி. தாக்கம் ஏற்படுகிற அளவுக்கு அங்கே யாரும் நிமிர்ந்தே பார்ப்பதில்லை.

அப்படித் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோதுதான் சித்தியின் கைபேசிக்கு அந்தப் படம் வந்தது. தெருக்காரர்கள் சேர்ந்து வைத்திருக்கும் வாட்ஸப் குழுவில் யாரோ போட்டிருந்தார்கள். இரண்டாகப் பிட்ட பன். நடுவில் சொகுசாக ஒரு பல்லி. கீழே ஒரு வரி: "நம்ம ஏரியா பேக்கரியாம். ஜாக்கிரதை."

கைபேசியை எடுத்துக்கொண்டு கீழே ஓடினேன். சித்தப்பா மாவு பிசைந்துகொண்டே எட்டிப் பார்த்தார்.

"இது நம்ம பன் இல்ல. மேல எள்ளு தூவியிருக்கு பாரு. நான் என்னைக்கு எள்ளு போட்டிருக்கேன்?"

"அது உங்களுக்குத் தெரியும் சித்தப்பா. ஊருக்குத் தெரியுமா?"

"விடு பாப்பா. ரெண்டு நாள்ல அவனவன் வேலையப் பார்த்துட்டுப் போயிடுவான்."

விடுவதா? நானா? என் சுபாவம் அப்படியில்லை. பேருந்தில் யாராவது காலை மிதித்துவிட்டு மன்னிப்புக் கேட்காமல் நின்றால், இறங்க வேண்டிய இடம் தாண்டினாலும் பரவாயில்லை என்று சண்டை போடுகிறவள் நான். அதோடு, மறுக்காத வதந்தி நாளடைவில் உண்மையாகிவிடும் என்று வகுப்பில் குறிப்பு வேறு எடுத்திருந்தேன். சித்தப்பாவுக்குப் பன் தெரியும், ஊடகம் எனக்குத்தானே தெரியும் என்று நினைத்தேன்.

எங்கள் கடை வாசலில் ஒரு கரும்பலகை உண்டு. அன்றைக்கு என்னென்ன இருக்கிறது, எது தீர்ந்துவிட்டது என்று காலையில் அதில் எழுதி வைக்க வேண்டும். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று அந்த வேலையை என் தலையில் கட்டியிருந்தார்கள். மறுநாள் காலை யாரையும் கேட்காமல் இப்படி எழுதினேன்:

பால் பன் – உண்டு
ரஸ்க் – உண்டு
கிரீம் பன் – இல்லை
எங்கள் பன்னில் பல்லி – இல்லவே இல்லை

கடைசி வரியைச் சிவப்பு சாக்பீஸால் எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டேன். தள்ளி நின்று பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது.

முதலில் வந்தவர் எதிர்ச்சாரியில் தையல் கடை வைத்திருப்பவர். பலகையைப் படித்துவிட்டு, "பல்லி தீந்து போச்சா? நாளைக்கு வருமா?" என்றார். சித்தி சிரிக்கவில்லை. அடுத்து வந்த அம்மாள் சிரிக்கவில்லை, வாங்கவும் இல்லை.

"என்னங்க இது, பல்லின்னு எழுதியிருக்கு?"

"பல்லி இல்லன்னு எழுதியிருக்கு" என்றாள் சித்தி.

"இல்லாததை எதுக்கு எழுதணும்?"

"க்ரூப்ல ஒரு படம் வந்துச்சே, பார்க்கலயா?"

"எந்தப் படம்?" என்று அவர் கேட்க, சித்தி தன் கைபேசியை எடுத்து அந்தப் படத்தைக் காட்டினாள். அவர் அதைப் பார்த்தார், தட்டிலிருந்த பன்னைப் பார்த்தார், ரஸ்க் மட்டும் போதும் என்றார். பிறகு ரஸ்கும் வேண்டாம் என்று போய்விட்டார்.

அன்று பூராவும் இதே கதைதான். வந்தவர்களில் பெரும்பாலோர் அந்தப் படத்தைப் பார்த்தே இருக்கவில்லை. அந்தக் குழுவில் காலை வணக்கமும் பூப்படமுமாக வந்து குவிவதால் யாரும் அதைத் திறப்பதே கிடையாதாம். பார்க்காத அத்தனை பேருக்கும் சித்தி பொறுமையாகப் படத்தைக் காட்டி, இது எங்களுடையது இல்லை என்று விளக்கினாள். சாயங்காலம் பன் தட்டுகள் போட்டது போட்டபடி இருந்தன. அடுப்பைப் பார்த்துக்கொள்ளும் மாஸ்டர் வெளியே வந்து பலகையை ஒரு முறை படித்தார்.

"பாப்பா, நாளைக்கு 'எங்கள் மாஸ்டர் கொலைகாரர் இல்லை'ன்னு எழுதிடாதீங்க" என்றார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பலகையை அழித்துவிடலாம் என்று சித்தப்பா சொன்னபோது, இப்போது அழித்தால் பல்லி வந்துவிட்டது என்று நினைப்பார்கள் என்றேன். அது நியாயமாகவே பட்டதால் பாவம், அவரும் விட்டுவிட்டார்.

அதற்குள் கூத்து முனைக் கடைக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. "அவங்க பல்லி இல்லன்னு எழுதி வச்சிருக்காங்க, நீங்க ஏன் எழுதல?" என்று அங்கே போனவர்கள் கேட்டிருக்கிறார்கள். அந்தக் கடைக்காரரும் எத்தனை பேருக்குத்தான் பதில் சொல்வார்? "எங்களிடம் என்றைக்குமே பல்லி இருந்ததில்லை" என்று பெரிய துணியில் அச்சடித்துத் தொங்கவிட்டார். அந்த 'என்றைக்குமே' எங்களுக்கு வைத்த குத்து. அதைப் பார்த்து மருந்துக்கடைக்காரர் காலாவதியான மாத்திரை இல்லை என்று ஒட்டினார். சலூன்காரர் ஏன் சும்மா இருக்க வேண்டும்? எங்கள் சீப்பில் பேன் இல்லை என்றார். ஒரு வாரத்தில் எங்கள் தெருவில் நடந்தால் எதெது இல்லை என்று படித்துப் படித்தே வாந்தி வரும் போலாகிவிட்டது.

அதோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. பக்கத்துத் தெருப் பள்ளியின் பிள்ளைகளுக்குத் தினமும் எங்கள் கடை பன்தான் போகும். அதற்காகவே விடிவதற்கு முன்னால் தனியாக ஒரு அடுப்பு எரியும். பெற்றோர்கள் கேள்வி கேட்கிறார்கள், கொஞ்ச நாளைக்கு நிறுத்தி வையுங்கள் என்று தலைமையாசிரியை சொன்னார். சித்தப்பா "சரிங்க மேடம்" என்றார். போனை வைத்துவிட்டு வெகுநேரம் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

"அது போச்சுன்னா காலை அடுப்பு தேவையில்ல" என்றார் சித்தியிடம். "மாஸ்டர்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

மாஸ்டர் சித்தப்பாவோடு கடை திறந்த நாளிலிருந்து இருக்கிறவர். அந்த அடுப்பு அணைந்தால் அவர் வேலையும் போய்விடும்.

இந்த நேரம் பார்த்து உள்ளூர் சேனல்காரர்கள் வந்து இறங்கினார்கள். ஒரு தெரு முழுக்க 'இல்லை' பலகைகள் என்றால் அவர்களுக்கு விருந்தல்லவா? எனக்கு உயிர் வந்தது. சித்தப்பாவை மூலைக்குத் தள்ளிக்கொண்டு போய்ப் பாடம் நடத்தினேன். "பல்லிங்கிற வார்த்தையே உங்க வாயில வரக் கூடாது. சுத்தம், தரம், நம்பிக்கை. இந்த மூணும் போதும்." பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி அவரும் மனப்பாடம் செய்தார்.

மைக்கை நீட்டிய பெண் முதலிலேயே, "எதுக்கு சார் இந்தப் பலகை?" என்று கேட்டாள்.

சுத்தமும் தரமும் எங்கே போயினவோ. "என் அண்ணன் பொண்ணு எழுதினதுங்க" என்றார் சித்தப்பா. "மீடியா படிக்குது. காலேஜ்ல ஏதோ ப்ராஜெக்டு குடுத்திருக்காங்களாம்."

அதற்குப் பிறகும் அவர் பேசினார். வாழ்க்கையில் அவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை. எள்ளைப் பற்றிச் சொன்னார், அந்தப் படம் எங்கிருந்தோ வந்தது என்றார், கடை மேல் இருக்கும் பாசத்தில்தான் பிள்ளை அப்படி எழுதியது என்றார். அன்று சாயங்காலம் வீட்டில் எல்லோரும் டிவி முன்னால் உட்கார்ந்தோம். மேலே சொன்ன இரண்டு வரி மட்டும் வந்தது. அதற்குக் கீழே சிவப்புப் பட்டையில்: "ப்ராஜெக்டுக்காகப் பல்லி வதந்தியைக் கிளப்பினாரா பேக்கரி வீட்டு மாணவி?"

அந்தக் கேள்விக்குறியைப் போட்டவனை நேரில் பார்த்தால் நாலு வார்த்தை கேட்க வேண்டும். பக்கத்தில் என் படம் வேறு. எங்கே பிடித்தார்களோ, தோழியின் பிறந்தநாளன்று நாக்கை நீட்டிக்கொண்டு எடுத்தது. சித்தி மெதுவாக, "மூஞ்சிக்கு ஏதாச்சும் பூசியிருக்கலாம்ல" என்றாள். நான் எழுந்து மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அவமானமாக இருந்தது.

மறுநாள் காலை கடையில் நிற்க இடமில்லை. எல்லோருக்கும் என்னைப் பார்க்க வேண்டும். சும்மா பார்த்துவிட்டுப் போனால் நன்றாக இருக்காதே என்று ஆளுக்கு நாலு பன் வாங்கினார்கள். "பல்லியெல்லாம் ஒண்ணும் கிடையாதாம், அந்தப் பொண்ணு கட்டின கதையாம்" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். தலைமையாசிரியையும் போன் செய்தார். "அப்போ பல்லியே கிடையாதா? நல்லதாப் போச்சு. சின்னப் பொண்ணு, கண்டிச்சு வையுங்க. திங்கக்கிழமைல இருந்து அனுப்பிடுங்க" என்றாராம்.

கல்லூரியில் பேராசிரியர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நீ கிளப்பினியா?"

"இல்ல சார்." குழுவில் படம் வந்த தேதி, பலகை எழுதிய தேதி, எள் வைத்த பன், எள் இல்லாத எங்கள் பன் என்று எல்லாவற்றையும் அவர் முன் வைத்தேன். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"பக்காவா இருக்கு. அந்த சேனல் ஆசிரியர் என்கிட்ட படிச்சவன்தான். ஒரு போன் போட்டா நாளைக்கே திருத்தம் போட்டுடுவான்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. "எப்படிப் போடுவாங்க சார்?"

"எப்படின்னா... 'வதந்தியைக் கிளப்பியது மாணவி அல்ல. பன்னில் பல்லி இருக்கும் படம் அதற்கு முன்பே பரவி வந்தது.' இப்படித்தான்."

பன்னில் பல்லி இருக்கும் படம். அதையும் ஒரு முறை திரையில் காட்டாமல் விட மாட்டார்கள். அதைத் தலைமையாசிரியை பார்ப்பார், தையல்காரர் பார்ப்பார், ஊரே பார்க்கும். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இல்லை என்று எழுதி ஒரு தடவை பட்டது போதாதா?

வீட்டுக்கு வந்தால் சித்தப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறார். கல்யாணத்துக்குத்தான் அந்தச் சட்டையை எடுப்பார்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"அந்த சேனல் ஆபீசுக்கு. என் வாயால வந்த வினை. கிளப்பினது நீ இல்லன்னு நானே போய்ச் சொல்லிட்டு வரேன்."

"சொன்னா ஸ்கூல் ஆர்டர் போயிடும் சித்தப்பா."

"போகட்டும். பொண்ணப் பத்தி ஊர் தப்பாப் பேசறப்போ எனக்கு என்ன ஆர்டர் வேண்டியிருக்கு?"

உள்ளே மாஸ்டர் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றிருந்தார். அவர் எங்கள் பக்கம் பார்க்கவில்லை. கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பது மட்டும் தெரிந்தது. இந்த மனுஷன் என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட நான் பதிலுக்குச் சண்டை போட்டு என் நியாயத்தை நிலைநாட்டியிருப்பேன்.

"சட்டையக் கழட்டுங்க" என்றேன். "திங்கக்கிழமைக்கு மாவு எவ்வளவு வேணும்னு மாஸ்டர் கேட்டுட்டே இருக்காரு."

மாஸ்டர் ஒன்றும் கேட்கவில்லை. ஆனாலும், "ஆமா, கேட்டுட்டேதான் இருக்கேன்" என்றார்.

திருத்தம் வேண்டாம் என்று பேராசிரியருக்குப் போன் செய்தேன். காரணத்தையும் சொன்னேன். அவர், வகுப்பில் உன்னைக் கிண்டல் செய்வார்கள், தாங்குவாயா என்று கேட்டார். தெரியவில்லை சார் என்றேன்.

திங்கட்கிழமை காலை சித்திக்குத் தலைவலி, கல்லாவில் நான் நின்றேன். ஒரு அம்மாள் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். என்னைக் கண்டதும் அந்தப் பெண்ணின் காதருகே குனிந்து, எனக்கும் நன்றாகக் கேட்கும்படி, "பொய் சொன்னா இந்த அக்கா மாதிரி டிவில போட்டு அசிங்கப்படுத்துவாங்க" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பல்லிக் கதை கட்டினது நீதானேம்மா?"

எள், தேதி, படம் எல்லாம் நாக்கு நுனிவரை வந்து நின்றன. பின்னால் பள்ளிக்கூடத்துப் பன்களை மாஸ்டர் அடுப்பிலிருந்து எடுத்து அடுக்குகிற சத்தம் கேட்டது.

"ஆமாங்க, நான்தான்" என்றேன். "உங்களுக்கு எத்தனை பன் வேணும்?"