காற்றாலை நின்ற நேரம்

என் மனைவி பஸ் ஓட்டுகிறாள். போன மாதம் சிக்னலில் வண்டியை நிறுத்திய இடத்திலேயே கண் அயர்ந்துவிட்டாள். உள்ளே முப்பது பயணிகள். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. ஒழுங்காகத் தூங்கிவிட்டு வந்தால்தான் இனி ஸ்டீயரிங் என்று டெப்போவில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தூங்கினால்தானே!

"அந்தக் காத்தாடி உறுமுதுங்க. ராத்திரி பூரா மண்டைக்குள்ள உறுமுது" என்பாள். வீட்டுக்கு முன்னால் தெரிகிற காற்றாலையைத்தான் அப்படிச் சொல்வாள். எனக்கோ ஒரு சத்தமும் கேட்காது. இடி விழுந்தாலும் புரண்டு படுக்கிற ரகம் நான். வைத்திருப்பது மூக்குக்கண்ணாடிக் கடை. கண்ணால் பார்த்தால்தான் எதையும் நம்புவேன். "எல்லாம் உன் பிரமை" என்று ஒரு தடவையா, நூறு தடவை சொல்லியிருக்கிறேன்.

இவள் எழுதிய புகார்கள் தாங்காமல் காற்றாலைக் கம்பெனி ஒருவழியாகச் சத்தம் அளக்கிறவரை அனுப்பியது. மீட்டர்காரர் என்று வைத்துக்கொள்ளுங்களேன். எங்கள் படுக்கையறையில் முக்காலி மேல் மைக்கைப் பொருத்தினார். ஜன்னலை மூடித் திரையை இழுத்துவிட்டார். மனைவியிடம் ஒரு தாளையும் கடிகாரத்தையும் கொடுத்தார்.

"மதியம் மூணுலேர்ந்து நாலு வரைக்கும் மேடம். நடுவுல எப்ப நிறுத்தச் சொல்லுவேன்னு யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். உறுமல் நின்னுச்சுன்னு தோணுற நிமிஷத்தை எழுதுங்க. மீட்டரோட ஒத்துப்போச்சுன்னா, ராத்திரியில அதை ஓட்டக் கூடாதுன்னு எழுதிக் குடுத்துடுவேன். ஒத்துப்போகலைன்னா ஃபைலை மூடிடுவாங்க. இந்த ஒரு மணி நேரத்துக்கே கம்பெனி மூக்கால அழுதுச்சு. இன்னொரு தடவை தர மாட்டாங்க."

இல்லாத சத்தம் நின்றுபோனதை இவள் எப்படி எழுதுவாள்? அவர் வெளியே போனதும் காதோடு காதாகச் சொன்னேன்: "அடுப்படி ஜன்னல்ல நின்னா காத்தாடி நல்லாத் தெரியும். அது நின்னதும் இருமறேன். டக்குன்னு எழுதிடு."

முறைத்தாள். "முந்திரிக்கொட்டை மாதிரி நடுவுல வராதீங்க. எனக்குக் காது இருக்கு."

படுக்கையறையை ஒட்டிய அடுப்படியில் போய் நின்றேன். மூன்று பத்து ஆயிற்று, மூன்று இருபது ஆயிற்று. காற்றாடியின் மூன்று கைகளும் தம் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தன. மூன்று முப்பத்தொன்றுக்குக் கைகள் தளர்ந்து, அப்படியே நின்றன. படுக்கையறையில் ஓர் அசைவும் இல்லை. எழுதடி, எழுதித் தொலையேன்! பொறுக்கமுடியவில்லை. இருமினேன். போதாதோ என்று இன்னொரு தடவையும் இருமினேன். உள்ளே பேனா கீறுகிற சத்தம் கேட்டது. அப்பாடா என்றிருந்தது.

நாலு மணிக்கு மீட்டர்காரர் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்து, தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். தாளில் 3.10 என்று எழுதி அடித்திருந்தது. அதற்குக் கீழே 3.31.

"இதை ஏன் மேடம் அடிச்சீங்க?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"மூணு பத்துக்கு நான் நிறுத்தினது மேட்டுக்குப் பின்னாடி இருக்கறதை. இந்த வீட்லேர்ந்து அது கண்ணுக்கே தெரியாது. ரூமுக்குள்ள உறுமல் அப்பவே அடங்கிடுச்சு. முன்னாடி இருக்கறதை அப்புறம் நிறுத்தினேன், அதுல ஒரு மாத்தமும் இல்ல." ஒலிப்பதிவைப் பின்னுக்கு ஓட்டி ஸ்பீக்கரைத் திருப்பினார். இருமல். இன்னொரு இருமல். பேனா. "இது யாரு சார்?"

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. "நான்தாங்க. அவ மேல ஒரு தப்பும் இல்ல. முதல்ல எழுதினதையே எடுத்துக்கோங்க, உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன்."

"அடிச்ச எழுத்தை எப்படி சார் எடுத்துக்கறது? உங்க இருமல் வேற பதிவாயிருக்கு. நான் மறைச்சா என் வேலை போயிடும்." வயர்களைச் சுருட்ட ஆரம்பித்தார். அவருக்கும் வருத்தம்தான்.

வெட்கம் கெட்டுப்போய் அவள் மேலேயே பாய்ந்தேன். "வேணாம்னு சொன்னவதானே நீ? அப்புறம் எதுக்கு அடிச்சே?"

"மூணு பத்துக்கு நின்னுச்சு" என்றாள் மெதுவாக. "ரெண்டு வருஷத்துல முதல் தடவையா மண்டை லேசாச்சு. அழுகையே வந்துடுச்சுங்க. அப்புறம் நீங்க இருமினீங்க. நான்தான் தப்புன்னு நினைச்சுட்டேன்."

வாசலில் மீட்டர்காரர் ஃபோனில் பேசினார்: "முடிஞ்சுது. ரெண்டையும் ஓட விட்டுடுங்க."

எனக்கு வழக்கம்போல எந்த உறுமலும் கேட்கவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சற்று நேரத்தில் அவள் கண்களை இறுக மூடிக்கொண்டாள்.