நாலு தட்டுக் கீரை

காலை ரொட்டி வெந்து இறங்கியதும் கடை அடுப்பு ஒரு மணி நேரத்துக்குச் சும்மா சூடாகவே கிடக்கும். இத்தனை வருஷமாய் அந்தச் சூடு வீணாய்ப் போவது ஒருத்தருக்காவது உறைத்ததா? ரொட்டிக்காரர் மனைவிக்குத்தான் உறைத்தது. பசலைக்கீரையைக் கழுவி, ஈரம் போகத் துணியில் ஒற்றி, துளி எண்ணெய் தடவி அந்தத் தணிந்த சூட்டில் தட்டோடு வைத்தாள். இலை மொறுமொறுவென்று வந்துவிட்டது.

ஆட்டுக்குப் போடுவதை அண்ணி மனுஷருக்கு விற்கிறாள் என்று நாத்தனார் வாய் ஓயாமல் கிண்டலடித்தாள். அடித்தவளே தினம் ஒரு பொட்டலம் காலி செய்தாள், அது வேறு கதை.

எதிர்ப் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை இன்று பதினோரு மணிக்கு ருசி பார்க்க வருகிறார். பிடித்துவிட்டால் இடைவேளையில் பிள்ளைகளுக்கு எண்ணெயில் பொரித்த பாக்கெட்டுகள் கிடையாது, இதுதான். தான் செய்ததை ஒரு பள்ளிக்கூடமே தின்னப்போகிறது என்ற நினைப்பில் அவளுக்கு மூன்று நாளாய்ச் சோறு இறங்கவில்லை.

நாலு தட்டிலும் கீரையைப் பரப்பி, அளவாய் உப்புத் தூவிவிட்டு, நல்ல துணி மாற்றிக்கொள்ள வீட்டுக்குப் போனாள். போன இடைவெளியில் ரொட்டிக்காரருக்குப் பாசம் பொங்கிவிட்டது. ஒரு பச்சை இலையைக் கிள்ளி வாயில் போட்டார். உப்பே தெரியவில்லை. ஐயோ பாவம், பதற்றத்தில் மறந்துவிட்டாள் என்று தாமே கை நிறைய அள்ளித் தூவி அடுப்பில் தள்ளினார். காலமெல்லாம் மாவோடு மல்லுக்கட்டிய கை அது. மாவு பொங்கும், போட்ட உப்பு பரவிக்கொள்ளும். கீரை அப்படியா? குவியலாய்ப் போனது கைப்பிடியாய்ச் சுருங்கும், உப்பு மட்டும் சுருங்காது.

திரும்பி வந்தவள் வெந்து இறங்கிய தட்டிலிருந்து ஒரு இலையை வாயில் வைத்தாள், துப்பினாள். அவரும் வைத்தார். அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. மணி பத்து. வேறு கீரையும் இல்லை. அந்த அம்மாவை நாளைக்கு வரச் சொல்லிவிடலாம் என்று மெல்ல இழுத்தார்.

அவளுக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் திட்ட நேரம் ஏது?

"ஏங்க, மாவு பிசைங்க. உப்பு ஒரு சிட்டிகைகூடப் போடக் கூடாது."

உப்பில்லாமல் அவர் மாவு பிசைந்ததே இல்லை. கை பழக்கதோஷத்தில் உப்பு டப்பாவைத் தேடிப் போக, அவள் டப்பாவைப் பிடுங்கி, கடையில் வேடிக்கை பார்த்து உட்கார்ந்திருந்த நாத்தனார் மடியில் வைத்தாள். நாலு தட்டுக் கீரையையும் நொறுக்கி மாவில் கொட்டினாள். அவர் பிசைய, அவள் தாள் மாதிரித் தேய்த்து, சதுரமாய் வெட்டி, முள்கரண்டியால் குத்தினாள். அடுப்பின் சூட்டைக் கூட்டி உள்ளே தள்ளினாள்.

தலைமையாசிரியை சொன்ன நேரத்துக்கு வந்து நின்றார். சூடு ஆறாத பச்சை பிஸ்கட் ஒன்றைக் கடித்தார். இரண்டாவதை எடுத்தார். மூன்றாவதும் போனது.

"இலையாத்தானே தர்றேன்னு சொன்னீங்க? இது பிஸ்கட்டா இருக்கே. ஆனா இதுதான் நல்லா இருக்கு. கையில நொறுங்காது, பசங்களுக்கு வசதி."

திங்கட்கிழமையிலிருந்து பள்ளிக்கூடம் முழுக்க வேண்டும் என்றார். பிறகு மாவு ஒட்டிய மேலங்கியோடு நின்ற ரொட்டிக்காரரைப் பார்த்து, நீங்கள்தானே மாஸ்டர் என்று கை நீட்டினார். ஊரே அவரை அப்படித்தான் கூப்பிடும். தப்பென்று ஒன்றை அவர் ஒத்துக்கொண்டு இதுவரை யாரும் கேட்டதில்லை.

அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"இல்லீங்க மேடம். கீரையில உப்ப வாரிப் போட்டுக் கெடுத்தவன் நான். ஒரு மணி நேரத்துல அத இப்படி ஆக்குனது இவங்க. மாஸ்டர் இவங்கதான். நான் மாவு பிசையற ஆளு."

நீட்டிய கை அவள் பக்கம் திரும்பியது. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. மாவுக் கையைக்கூடத் துடைக்காமல் அந்தக் கையைப் பற்றிக் குலுக்கினாள்.