அடுத்த நிரையில் ஒரு பாட்டு

ஏலப்பாறைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் அன்னமேரியின் முகம் தெரியாதவர்கள் இருக்கலாம், குரல் தெரியாதவர்கள் கிடையாது. பத்தொன்பது வருஷமாகக் கோயில் பாடகர் குழுவில் நிற்கிறவள். நாற்பத்தாறு வயதில் அந்தக் குரல் உச்சியில் உடைய ஆரம்பித்தது. குழுவுக்குப் பொறுப்பாளன் ஜோபி. கீபோர்டு வாசிப்பவன், வயதில் அவளுக்குப் பாதி. நோகாமல்தான் சொன்னான்.

"அக்கா, இனி நீங்க ரெண்டாம் குரல் பாடுங்க. ஜின்சி மெட்டு பாடுவா. நீங்க அதுக்குக் கீழயே கூடப் போகணும், தனியாத் தெரியக் கூடாது."

கீழே போவதுதான் வரவில்லை. ஜோபி இரண்டு கட்டைகளை ஒன்றாக அழுத்தினான்.

"எத்தன சத்தம் கேக்குது?"

"ஒண்ணு."

"ரெண்டுக்கா. அடியில இருக்கிறத மட்டும் பாடுங்க."

அவள் மேலே இருந்ததைப் பாடினாள். பக்கத்தில் நின்ற இளம்பெண் ஜின்சி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அது அன்னமேரியின் குற்றம் மட்டும் இல்லை, பிள்ளைகளே. தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீடுகளில் ஜெபம் நடக்கும்போது ஒருத்தர் பாட்டை எடுத்தால் எல்லோரும் அதே மெட்டில் போய் விழுவார்கள். தனியாக வேறு வழியில் போவது, பந்தியில் உட்கார்ந்துகொண்டு இலையை மடக்குவதுபோல. அப்படிப் பழகிய காது அது. ஜோபி அவளுடைய பகுதியைப் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பினான். தனியாக அட்சரம் பிசகாமல் பாடுவாள். ஜின்சி வாயைத் திறந்தாளோ இல்லையோ, பசுவைக் கண்ட கன்றுபோல மேலே ஓடிவிடுவாள்.

கடைசியில் ஜோபி கெடு வைத்தான். "குருத்து ஞாயிறு சாயங்காலம் கீபோர்டு இல்லாம பாட வைப்பேன். அப்பவும் மேல ஓடுனீங்கன்னா, ஈஸ்டருக்கு நீங்க பெஞ்சுல இருந்து பாடுங்கக்கா. கோவிச்சுக்காதீங்க."

கோபம் வரவில்லை. அன்றைக்குச் சோறுதான் இறங்கவில்லை. கெடுவுக்கு ஒரு வாரம் இருந்தது.

மறுநாள் மலையில் கத்தரியால் கொழுந்து வெட்டும்போது, அடுத்த நிரையில் நின்ற ராமலட்சுமியிடம் விஷயத்தைச் சொன்னாள். தோட்டத்தில் ஆளுக்கு ஒரு நிரை, ஒரு வரிசைத் தேயிலைச் செடி. ஒருத்தி கத்தரி இன்னொருத்தி நிரைக்குள் போகக் கூடாது. போனால் அன்றைக்குச் சண்டைதான்.

"நீ மெட்டப் பாடுட்டி. நான் கீழ பாடிப் பாக்கேன்."

"உங்க சாமி பாட்ட நான் பாடுனா எங்க மாரியாத்தா என்ன நெனைப்பா?"

"அவளுக்கும் நல்ல பாட்டுதான். பாடு."

இரண்டு நாளில் ராமலட்சுமிக்கு மெட்டு மனப்பாடம். அன்னமேரிக்குத்தான் பழைய கதை. மூன்றாம் நாள் திடீரென்று ராமலட்சுமி பாட்டை நிறுத்திக் கத்தினாள்.

"ஏட்டி! என் நிரையில எதுக்கு வெட்டுத? கண்ணு அவிஞ்சு போச்சா?"

அன்னமேரி குனிந்து பார்த்தாள். அவள் கத்தரி ராமலட்சுமியின் செடியில் இருந்தது. வாயும் ராமலட்சுமியின் மெட்டில் இருந்தது. இருபத்தைந்து வருஷத்தில் ஒரு நாளும் நிரை மாறாத கை!

"இன்னொரு தடவ பாடு," என்றாள்.

மறுபடியும் அதே இடத்தில் குரல் ஏறியது, கூடவே கத்தரியும் சாய்ந்தது. அப்புறம் அன்னமேரி தன் குரலைப் பிடிக்கப் பார்க்கவில்லை. கையைத் தன் நிரையிலேயே பிடித்து நிறுத்தினாள். கண்ணைத் தன் செடியில் வைத்துக்கொண்டு வெட்டினாள். ஐந்தாம் நாள் காலையில்தான் அது நடந்தது. ராமலட்சுமியின் பாட்டு அந்தப் பக்கம், தன் பாட்டு இந்தப் பக்கம், நடுவில் ஆள் நடக்கிற அளவுக்கு இடம். இரண்டு சத்தம் கேட்டது.

குருத்து ஞாயிறு சாயங்காலம் கையில் கத்தரி இல்லை. ஜோபி கீபோர்டை மூடிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டான்.

"ஜின்சி, கொஞ்சம் தள்ளி நில்லும்மா. ஒரு நிரை எடம் வேணும்," என்றாள் அன்னமேரி.

ஜின்சிக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் தள்ளி நின்றாள். பாட்டு தொடங்கியது. இரண்டு வரி தாண்டிவிட்டாள். மூன்றாவது வரியில் ஜின்சி உச்சிக்குத் தாவினாள். அன்னமேரியும் கூடவே ஏறிவிட்டாள். ஏறியவள் அரை வார்த்தையில் இறங்கித் தன் இடத்துக்கு வந்து, கடைசி வரை அங்கேயே நின்றாள்.

"மூணாவது வரியில..." என்று ஜோபி ஆரம்பித்தான்.

"தெரியும்ப்பா. ஜின்சி நிரைக்குள்ள போயிட்டேன்."

ஜோபி கட்டிய கையைப் பிரித்தான். "நான் கை காட்டுறதுக்கு முன்னாடியே எறங்கிட்டீங்க. உங்க காதுக்கே கேட்டிருக்கு. நான் இத்தன நாளு எதிர்பார்த்தது அதத்தான்க்கா. ஈஸ்டருக்குக் குழுவுல எல்லாருக்கும் வெள்ளச் சேலை. மறந்துராதீங்க."

ஈஸ்டர் பூசைக்கு ராமலட்சுமியும் வந்து கடைசியில் நின்றாள். முடிந்ததும் வாசலில் அன்னமேரியை மறித்துக்கொண்டாள்.

"நான் பாடுன மெட்டு நல்லாக் கேட்டுது. அவ்வளவு கஷ்டப்பட்டியே, உன் பாட்டு தனியாக் கேக்கவே இல்லையேட்டி!"

"கேக்கலையா?"

"ம்ஹூம்."

அன்னமேரிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அப்ப ஒழுங்காத்தான் பாடியிருக்கேன். வா, கேக் சாப்பிடலாம்."